கடை, தடை, அடை

குர்லா ஸ்டேஷன், ஏழாம் கவுண்டர்.
கண்ணாடியில் ஒரு கை நுழையும் ஓட்டை.
"ஆ... ஐ" என்றார் ஒருவர்.
வாஷியா, வசையா?
திருப்பிக் கேட்டேன். கத்தினார்.
"ஆஆ... ஐஐ!"
வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் புரிந்தது.
எனக்கு வாய் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.
வாஷி கொடுத்தேன்.
அவர் கேட்டது வசை.
எனக்குக் கிடைத்ததும் அதுவே.

சயான் ஆஸ்பத்திரியில், பஞ்சு பதித்த சின்ன அறையில்
காவ்கர் என்ற பெண் இருபத்தைந்து சொற்கள் சொன்னாள்.
அளவாகச் சொன்னபோது பதினெட்டு பிடித்தேன்.
குமிழைத் திருகினாள். ஒன்பது.
இன்னும் திருகினாள்.
காதுக்குள் ஆணி இறங்கியது. ஏழு.
மெஷின் கெட்டுப்போச்சா என்றேன்.
இல்லையென்று தலையாட்டி, தாளில் ஒரு கோடு போட்டாள்:
மலை ஏறி, மறுபக்கம் சரிந்தது.
கேட்காததற்கும் வலிப்பதற்கும் நடுவே
உங்களுக்கு இருப்பது இவ்வளவுதான் என்று
ஒரு விரற்கடை காட்டினாள்.

லோக்கலில் திரும்பும்போது
தமிழில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.
உயிர் கேட்கிறது.
மெய் கேட்கவில்லை.
கத்தினால் உயிர் இன்னும் வீங்கும்,
மெய் அதனடியில் நசுங்கும்.
வல்லினம் என்று பெயர் வைத்தார்கள்,
முதலில் போனது அதுதான்.
கடை, தடை, படை, சடை
நாலுக்கும் தலை போய்
என் தட்டில் விழுவது அடை.

ஞானதிரவியம் நல்ல மனிதர், அதனால் கத்துவார்.
"உப்பு போதுமா" என்று மூன்றாம் மாடிவரை கேட்பார்.
காம்ப்ளே வீட்டிலிருந்து பதில் வரும்: போதும்.
நான் விழுங்கும் மாத்திரைக் கணக்கு
தண்ணீர் வரிசைக்கே தெரியும்.

கத்த முடியாததை யாரும் என்னிடம் சொல்வதில்லை.
ரொம்ப நாள் அது எனக்கு உறைக்கவில்லை.
வீட்டில் சண்டை குறைந்துவிட்டது
என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்டில் ஓர் இரவு எழுப்பினார்.
கடைசி லோக்கல் போயிருந்தது,
முதல் லோக்கல் வரவில்லை.
மின்விசிறியை நிறுத்தினார்.
டியூப்லைட்டைப் போட்டு
தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி
ஸ்டூலைத் திருப்பி உட்கார்ந்தார்.
காவ்கர் கொடுத்த தாளை இவர் படித்திருக்கிறார்
என்று அப்போதுதான் தெரிந்தது.
உதட்டை மறைத்த மீசையைக்கூடக் கத்தரித்திருந்தார்.

"கடைய வித்துட்டேன்.
ஜனவரியிலயே."

சாதாரணக் குரல்.
பக்கத்தில் படுத்திருப்பவளிடம் பேசுகிற குரல்,
எத்தனை வருஷம் கழித்து!
'க' இருந்தது. 'ட' இருந்தது.
வித்துட்டேன் என்பதில் ஒரு புள்ளி உதிரவில்லை.

அப்படியென்றால் இந்த ஏழு மாதம்
காலையில் டிபன் கட்டிக்கொண்டு
எங்கே போய் உட்கார்ந்திருந்தார்?

காம்ப்ளே வீட்டில் அசைவில்லை.
"என்ன?" என்றேன்.
கேட்டிருந்தது.
அவர் மூச்சை இழுத்தார், கத்துவதற்கு.
எட்டி
அவர் வாயைப் பொத்தினேன்.