எட்டாவது கல்லுக்கு எடுத்த துணி

செவ்வாய்ப்பேட்டைத் துணிக்கடைக்காரர் கேட்கிறார்:
பொண்ணுக்கு என்ன வயசு?
பதினாறு என்கிறேன்.
போன வருஷமும் பதினாறுதானே சொன்னீங்க என்கிறார்,
ஞாபகசக்தி உள்ள மனுஷன்.
எனக்கு இந்த ஆடியில் நாற்பத்தொன்று.
அக்காளுக்குப் பதினாறு.

நாகலூரில் எங்கள் சாமைக்காட்டின் தலைமேட்டில்
கன்னிமார் ஏழு கல்லாய் நிற்கிறார்கள்.
நிற்கிறார்கள் என்பது மரியாதைக்கு.
இரண்டு பேர் சாய்ந்துவிட்டார்கள்,
நான்காமவள் மேல் ஓணான் வெயில் காயும்.
எட்டாவது கல்லை வைத்தது என் அப்பன்.
ஓடையில் ஒருநாள் முழுக்கத் தேடி
வேட்டி மடியில் கட்டிக் கொண்டுவந்து
வெள்ளச்சி என்று பேர் சொல்லி நட்டார்.
கன்னிமார் ஏழு பேர்தான், கணக்கு மாறாது என்றார் பூசாரி.
ஏழு பேருக்கும் எலுமிச்சை அறுத்தவர்
எட்டாவதின் முன்னால் வந்து இருமினார்.
அடுத்த வருஷமும் அதே இடத்தில் இருமினார்.
இப்போது அவர் மகன் பூசாரி.
நல்ல தொண்டை அவனுக்கு,
ஆனாலும் அங்கே வந்ததும் இருமுகிறான்.

காய்ச்சல் கண்ட இரவு ஜீப்புக்கு ஆள் அனுப்பி
ஜீப் வரும்போது விடிந்திருந்தது.
இருபது வளைவில் ஒன்பது இறங்கியிருப்போம்,
பதினொன்று என்று எழுதிய பலகைக்கு அருகே
என் மடியில் கிடந்த அவள் கால்கள் கனத்தன.
நான் சொல்லவில்லை.
பன்னிரண்டு வயது எனக்கு.
ஆஸ்பத்திரி வாசல்வரை
அடிவாரத்துப் புளியமரங்களை எண்ணிக்கொண்டே போனேன்.

இப்பல்லாம் பதினாறு வயசுப் பிள்ளைங்க
பாவாடை கட்டுறதில்லைம்மா என்கிறார் கடைக்காரர்.
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சுடிதாரை உதறி விரிக்கிறார்.
பாரும்மா, பாக்கெட்டு வெச்சது.
இருபத்தெட்டுப் பாவாடைகள் இருக்கின்றன
வீட்டில், தகரப் பெட்டிக்குள்.
அவள் பாக்கெட் வைத்த எதையும் போட்டதில்லை.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
பதினோராவது வளைவில் பஸ் திரும்பியபோது
பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.
துணிக்கு எடையே இல்லை.

பதினெட்டாம் பெருக்கு.
கும்பிடுவது பெண்களை,
ஆனால் பெண்கள் வரப்புக்குக் கீழேதான் நிற்கவேண்டும்.
அண்ணன் சடையாண்டி பால் ஊற்றினான், மஞ்சள் பூசினான்,
பையைப் பிரித்தவன் கையோடு நின்றான்.
சாமிக்குச் சுடிதாரா?
கீழிருந்து நான் சொன்னேன்:
அவ என்னைவிடச் சின்னப் பொண்ணு. போடு.
பூசாரிக்கு அன்று இருமல் வரவில்லை.
வெறுமனே நின்றான், கொஞ்சம் அதிக நேரம்.

விதைச் சாமையை முறத்தில் கொட்டி
துணியால் மூடி
ஓரிரவு கல்லடியில் வைப்பது வழக்கம்.
ஆட்கள் போனபிறகு வரப்பேறினேன்.
ஒரு பிடி அள்ளிப் பாக்கெட்டில் போட்டேன்.
நான் பாதிதான் நம்புகிறவள்.
பன்றிக்கும் மழைக்கும் பயப்படுவது மீதிப் பாதி.
ஓடைச் சத்தம் இருந்தது, குளிர் இருந்தது,
கல்லைத் தொட்டால் பாலின் பிசுபிசுப்பு.
அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை.
பதினாறு வயதுப் பிள்ளையை எப்படி.

காலையில் விதைத்தோம்.
துணி பெட்டிக்குப் போகவேண்டும்.
போகவில்லை, அண்ணன் மகள் மஞ்சரி எடுத்துக்கொண்டாள்.
கல்லு போட்டது உடம்புக்கு ஆகாது என்றாள் அவள் அம்மா.
அப்ப பெட்டிக்கு மட்டும் ஆகுமா என்றாள் இவள்.
துவைக்கக்கூட இல்லை,
தட்டிப் போட்டுக்கொண்டு
ஐ.டி.ஐ.க்கு ஏழரை பஸ் ஏறிவிட்டாள்.

எட்டேகாலுக்குப் போன் வந்தது.
அத்தை, பாக்கெட்டுல என்னவோ நமநமங்குது,
சாமையா எறும்பா?
பின்னால் பஸ் முனகிக்கொண்டு இறங்குவது கேட்டது.
எந்த வளைவுல இருக்கே என்று கேட்டேன்.