கால் பங்கு சோயா

பெலெமில் யாரும் மணி சொல்லிச் சந்திப்பதில்லை.
மழைக்கு முன், அல்லது மழைக்குப் பின்.
ஒஸ்மரீனா மழைக்கு முன் வந்தாள்,
வேரோபேசோ சந்தைக்கு,
கைப்பையில் ஒரு சீப்போடும்
அந்தச் சீப்பைப் பார்க்கக் கூசும் கண்ணோடும்.

டெங்கு போய் மூன்று மாதம்.
காய்ச்சல் போகிற போக்கில்
முடியையும் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது.
குளியலறை வடிகாலில், சட்டைத் தோளில்,
நேற்று மகனின் சோற்றில் ஒன்று.
அவன் எதுவும் பேசாமல்
எடுத்துத் தட்டோரம் வைத்தான்.
பேசியிருக்கலாம்.

அவளுக்கு வேலை, புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது.
அனனிந்தேவா போகிற சாலையில் ஒரு தொழிற்சாலை.
சீட்டின் முன்பக்கம் ஒரு பனை,
மேலே சாய்வெழுத்தில்: காட்டின் தூய பத்தவா.
பின்பக்கம் எறும்பு ஊர்ந்தாற்போல்
இருபத்து மூன்று பெயர்கள்.
பத்தவா பத்தொன்பதாவது.
வாசனைக்குப் பின்னால், நிறத்துக்குச் சற்று முன்னால்,
கல்யாணப் படத்தில்
நெற்றி மட்டும் தெரிகிற தூரத்து உறவு மாதிரி.
அண்டாவுக்கு ஒரு கரண்டி.
ஊற்றுவதை அவளே பார்த்திருக்கிறாள்.

இருந்தாலும் நியாயம் பேச வேண்டும்:
அந்தப் புட்டி சிக்கெடுக்கும்.
சிலிக்கோன், சீப்பு தானாக வழுக்கி இறங்கும்,
முடி ஜன்னல் கண்ணாடிபோல் மினுங்கும்.
ஊழியர்களுக்குப் பாதி விலை வேறு.
இரண்டு வருடம் அதைத்தான் தேய்த்தாள்.
ஒரு குறை சொன்னதில்லை.

தொர்வலீனா கடையில் பழைய கஷாசா புட்டிகள்,
தக்கை மூடி, பிசுக்கு.
அந்திரோபா, கொசுவும் அண்டாத கசப்பு.
புரிச்சி, தொட்ட விரல் செம்மஞ்சள்.
பத்தவா, வெளிறிய பச்சை,
மழை பெய்யப் போகிற வானம்போல் ஒரு கலங்கல்.

"சுத்தமா?"

இந்தக் கேள்விக்குச் சந்தை முழுக்க ஒரே பதில்தான்.
அம்மா மேல் ஆணை, நசரே மாதா மேல் ஆணை,
போன வாரம் செத்த நாய் மேல்கூட ஒருவன் ஆணையிட்டான்.
தொர்வலீனாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசி.
யாரிடமோ, "இரு" என்றாள்.
புட்டியை வெளிச்சத்தில் தூக்கினாள்.

"முக்கால்தான் பத்தவா. கால் பங்கு சோயா.
இந்த மாதம் பழம் வரத்தில்லை.
படகுக்காரன் விலையை ஏற்றிவிட்டான்.
சுத்தமாக வேண்டுமென்றால் அதோ அந்தச் சின்னது,
அறுபது ரெயாய்ஸ்."

"முடி வளருமா?"

"எண்ணெயா வளர்க்கும்? உடம்பு வளர்க்கும்.
எண்ணெய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்,
ஆஸ்பத்திரியில் கூட இருக்க வந்தவர் மாதிரி."

இதைத் தமிழில் எழுதுகிற எனக்கு ஒரு சங்கடம்.
எள்ளும் நெய்யும் கூடித்தான் எண்ணெய்.
எள் ஒன்றுகூட விழாத பத்தவாவையும்
பசுவின் முகமே பார்க்காத சோயாவையும்
அதே சொல்லால்தான் நானும் அழைக்கிறேன்.
சொல்லிலேயே கலந்துவிட்டதை
எந்த வடிகட்டியால் பிரிப்பது?
கலவை என்பதா, கலப்படம் என்பதா என்று
தொர்வலீனாவைப் பார்க்கிறேன்.
சொல்லிவிட்டு விற்கிறாள். அவ்வளவுதான் தெரிகிறது.

பதினெட்டு ரெயாய்ஸுக்குக் கால் பங்கு சோயாவை
ஒஸ்மரீனா வாங்கினாள்.
தக்கையைத் திறந்து மோந்தாள்.
பச்சைப் பட்டையும் பழைய படகும் கலந்த வாசனை.
தகரக் கூரையில் மழை வந்துவிட்டது,
இனி யாரும் எங்கும் போக முடியாது.
இரண்டு சொட்டு விரலில் எடுத்து
பின்கழுத்தில், முடி மெலிந்த இடத்தில் வைத்தாள்.

மறுநாள் ஏதோ ஒரு புட்டியில்
சீட்டு கோணலாக ஒட்டிக்கொண்டது,
பனை சாய்ந்து, தூய என்ற சொல் மேலே ஏறி.
கண்காணிப்பாளர் பார்க்கவில்லை.
ஒரு நிமிடம் அப்படியே விட்டுப் பார்த்தாள்.
பிறகு பிரித்து நேராக ஒட்டினாள்.
சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது.

பாதி விலைப் புட்டியையும் எறியவில்லை.
காலையில் வேலைக்குப் போக அது,
இரவில் படுக்கப் போக இது.
இரண்டும் தெரிந்தது
தலையணை உறைக்கு மட்டும்.