அனாமத்து

தாரண வருஷம், ஆடி பதினேழு. மழை.
அந்த வாரம் முழுக்கக் குறிப்பில்
மழை என்றுதான் எழுதியிருக்கிறேன்.
வரவும் இல்லை, செலவும் இல்லை.

பியாப்பத்துக் கடையைப் பூட்டி
முதலாளி கப்பலேறி இரண்டரை வருஷம்.
மேலாள் நடந்தே கிளம்பினார்;
மலையைத் தாண்டினாரா, மலையிலேயே தங்கினாரா, தாக்கல் இல்லை.
காலி இரும்புப் பெட்டிக்கும்
யாரும் மீட்க வராத அடமானப் பத்திரங்களுக்கும்
நான் காவல்.
அரையில் அரிசிச் சாக்கு.
துணி என்ற சொல்லையே ஊர் மறந்திருந்தது.

அன்றிரவு மேகம் எருமை முதுகளவு இறங்கியிருந்தது.
அதற்குள் ஒரு விமானம்.
ஒருமுறை சுற்றியது.
ஆற்றுப் பக்கம் போய்த் திரும்பி வந்து இன்னொருமுறை,
இருட்டில் நெருப்புப்பெட்டி தேடும் கை மாதிரி.
மூன்றாவது சுற்றில் சத்தம் இருமியது.
பிறகு தவளைகள்.
அவை ஒரு மூச்சுகூட நிறுத்தியிருக்கவில்லை.

விடிந்து பார்த்தால் கோ பா சிட்டின் வயலில்
(நம்மிடம் அடமானம், பதினொரு ஏக்கர், வட்டி நின்றுபோனது)
நாற்றுக்குள் மூக்கைப் புதைத்துக் கிடந்தது.
ஒரு றெக்கையை வரப்பு பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தது.
உள்ளே பையன். இருபத்திரண்டு சொல்லலாம்.
கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது,
மணியும் சரியாகவே காட்டியது.
எந்த நாட்டான் என்று எழுதப்போவதில்லை.
எழுதினால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

வெள்ளத்தில் ராணுவப் படகு வர இரண்டு நாள் ஆயிற்று.
அதற்குள் ஊர் தன் வேலையை முடித்தது.
டயர் செருப்பாயிற்று. அலுமினியம் அகப்பையும் சீப்பும்.
குடைத்துணியை மா சேன் டின் முழங்கையால் அளந்தாள்,
வீட்டுக்கு நாலு முழம், விரற்கடை கூடக் குறையாமல்.
எனக்கும்.
வெள்ளைப் பட்டு.
பையனைத் தென்னை மேட்டில் வைத்தோம்.
பிக்கு ஓதினார்.
நெற்றி எது என்று தெரியாமல்
மண்ணுக்குத் திருநீறு பூசினேன்.

அன்றிரவு பட்டைச் சுற்றிக்கொண்டு பேரேட்டைத் திறந்தேன்.
வரவு: பட்டு, முழம் நாலு.
கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில்
பேனா நின்றது.
மை காய்ந்தது.

நாற்பத்தாறில் முதலாளி மகன் வந்தார்.
விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார்.
"இதென்னங்காணும், ஆளில்லாத வரவு?"
"தெரிந்தால் போடலாம் என்று விட்டேன்."
"தெரியாததற்குத்தானே அனாமத்து இருக்கிறது? அதில் போடும்."
போட்டேன்.

அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
முதல் சுற்றின்போது
கடை மாடி ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
ஊருக்கே அது ஒன்றுதான்.
சத்தம் கேட்டால் அணை என்பது உத்தரவு.
குண்டு போட வந்தவனா, வழி கேட்க வந்தவனா,
சத்தத்தை வைத்து யார் கண்டது?
இரண்டாம் சுற்றில் ஊதி அணைத்தேன்.

அந்த மேகத்தில் மேலிருந்து எதுவும் தெரிந்திருக்காது என்று
படகோட்டி சொன்னான். கோ பா சிட்டும் சொன்னான்.
தெரிந்திருக்காது.

மிச்சப்பட்ட எண்ணெயில்தான்
மறுநாள் இரவு
அந்த நாலு முழத்தை எழுதினேன்.