திரும்பிப் படுத்தல்

துர்கு மருத்துவமனை, நான்காம் மாடி.
எல்லோருடைய காலணியிலும் பிப்ரவரி உருகிக்கொண்டிருந்தது.
ஆளுக்கொரு தாளும் பென்சிலும் தந்தாள் தாதி.
ஒன்று தவுனோவுக்கு, ஒன்று எனக்கு.
"பார்த்து எழுதக் கூடாது" என்று சிரித்தாள்,
நாற்பத்தோரு வருடம்
ஒரே துண்டில் முகம் துடைத்தவர்களிடம்.

சுழியம் என்றால் சிரமமே இல்லை.
நான்கு என்றால் பிறர்தான் செய்துவிட வேண்டும்.
இடையில் உள்ளவை அவரவர் மனசாட்சி.

சட்டைப் பொத்தான் போடுதல்.
மூன்று என்று எழுதினேன்.
ஓரக்கண்ணால் பார்த்தால் அவர் தாளில் சுழியம்.
பொய்யென்று எப்படிச் சொல்வது?
நவம்பரிலிருந்து பொத்தான்களை நான்தானே போடுகிறேன்,
அவருக்கு ஏது சிரமம்.

கையெழுத்து.
நான் இரண்டு.
அவர் என்ன போட்டாரோ தெரியவில்லை,
எறும்பு அளவில் இருந்தது அந்த எண்.

பிறகு டாக்டர் ஹெல்லெவியின் அறை.
"கட்டைவிரலில் சுட்டுவிரலைத் தட்டுங்கள், பெரிதாக, வேகமாக."
முப்பது வருடம் தீவுப் படகில் வடம் கட்டிய விரல்கள்
கேப்டன் முன்னால் நிற்பதுபோலத் தட்டின.
"நடந்து காட்டுங்கள்."
நடந்தார். திரும்பினார். நிற்கவேயில்லை.
இன்று காலை குளியலறை வாசற்படியில்
பதினொரு நிமிடம்
பசை வைத்ததுபோல் நின்ற அதே கால்கள்!
விருந்தாளி வந்தால் மட்டும் சமர்த்தாகிவிடும்
குழந்தை மாதிரி இந்த நோய்.
இது இவரில்லை டாக்டர்,
இது ஒன்பதரை மணி மாத்திரை,
என்று கத்த வாயெடுத்தேன்.
அவர் முகத்தில் நெடுநாளாகக் காணாத ஒன்று,
கிட்டத்தட்ட புன்னகை.
வாயை மூடிக்கொண்டேன்.

"இடது கை வீசவில்லை" என்றாள் டாக்டர்,
"எத்தனை நாளாக?"

ஆகஸ்டில், ஆற்றங்கரைச் சந்தையில்,
கூட்டத்துக்கு நடுவே என் கையை நீட்டினேன்.
அவர் இடது கை எட்டிப் பிடிக்கவில்லை.
இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.
அதை எழுதத் தாளில் கட்டமில்லை.

மூன்று தாள்களையும் மேசையில் அடுக்கினாள்,
அவளுடையது நீலம்.
பொத்தானைப் பற்றிக் கேட்பாள் என்று
பதிலோடு காத்திருந்தேன்.
அவளோ ஒரே ஒரு வரியைப் படித்தாள்:
"படுக்கையில் திரும்புதல்.
மனைவி சுழியம். கணவர் நான்கு."

"தவறி எழுதியிருப்பார்" என்றேன்.
"இரவில் அசையக்கூட மாட்டார்,
அவ்வளவு நல்ல தூக்கம்."

தவுனோ தன் காலணியைப் பார்த்தார்.
அவர் குரல் இப்போது மிகச் சிறியது,
டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே போனாள்.
"ராய்லி நாலரைக்கு எழுந்து
ரொட்டி அடுப்புக்குப் போகிறவள்.
எழுப்பக் கூடாது."

நான்கு என்றால் பிறர்தான் செய்துவிட வேண்டும்.
அந்தப் பிறர் நான்.
கையெட்டும் தூரத்தில்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கூட்டவில்லை, மூன்றால் வகுக்கவில்லை.
இரவுக்கு ஒரு மாத்திரை எழுதினாள்,
தாள்களை ஒரே உறையில் போட்டாள்.
லிஃப்ட் வாசலில் அவர் கால் மறுபடி ஒட்டிக்கொண்டது.
என் பாதத்தைக் குறுக்கே வைத்தேன்,
அதைத் தாண்டி உள்ளே வந்தார்.
டாக்டர் பார்க்கவில்லை.

அன்றிரவு தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.
ஒன்றேகாலுக்கு அவர் மூச்சு மாறியது.
போர்வைக்குள் ஒரு தோள்
முயன்றது, விட்டது, முயன்றது.
எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டுமென்று
எனக்குத் தெரியவில்லை.
கடைசியில் அவர் இடுப்புக்கடியில் கையை நுழைத்தேன்.
பாதி நான் தள்ள, பாதி அவரே புரள,
முகம் என் பக்கம் வந்தது.

"மூன்று" என்றார் இருட்டில்.

"மூன்றரை" என்றேன்.