இடதுகை மோதிரவிரல், கொஞ்சம் சாய்த்து

பேரேட்டை மூடிவைக்கச் சொன்னது
தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை.
மண்டபம் நண்டுக் கம்பெனி வாசல்தூணில்
உள்ளங்கை அகலக் கருவி ஒன்றைத் திருகி மாட்டிவிட்டு
தூத்துக்குடிப் பையன் டீ குடித்தான், பஸ் ஏறிவிட்டான்.

பதினோரு வருடம்
காலை ஆறு மணிக்கு முகம் பார்த்து
டிக் போட்டவள் நான்.
வராதவளுக்கும் போட்டிருக்கிறேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்,
கச்சான் மணலை வாரியிறைத்து
வேதாளைப் பக்கம் பஸ் நின்றுபோனால்.
அதைக் கண்டுபிடித்துத்தான் கருவி வந்ததோ என்னவோ.
நான் கேட்கவில்லை.

முதல் நாள் நம்புசெல்வி கட்டைவிரலை வைத்தாள்.
பிளீஸ் ட்ரை அகெய்ன்.
சேலையில் துடைத்து வைத்தாள்.
பிளீஸ் ட்ரை அகெய்ன்.
"பேருலயே நம்பு இருக்கு,
இது நம்ப மாட்டேங்குதே."
வரிசை சிரித்தது.
ஆறரை நெருங்கியதும் சிரிப்பு நின்றது.
ஆறரைக்கு மேல் அரைநாள் சம்பளம்.

நண்டு ஓடு உப்புத்தாள் மாதிரி.
ஒரு கைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ,
ஐஸ் தண்ணீர், குளோரின் தண்ணீர், திரும்ப ஐஸ்.
ரேகை எங்கே மிஞ்சும்?
ரகுமத் பீவியின் விரல்கள்
தேய்ந்த சோப்புக்கட்டி போல் வழுக்கின.

மேனேஜர் கூப்பிட்டார்.
இனி எழுத்து வேலை இல்லை,
மிஷின் பக்கம் நில்லு, எப்படியாவது பதிய வை.
ஒரு துண்டு, ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய்.
புதுப் பதவியை வீட்டில் சொல்லவில்லை.

எப்படியாவது என்றால்
பத்து விரலையும் வைத்துப் பார்ப்பது.
அறுபத்து மூன்று பெண்கள், அறுநூற்று முப்பது விரல்;
இல்லை, அறுநூற்று இருபத்தெட்டு,
சவேரியாயிக்கு இரண்டை
ஐஸ் அரைக்கும் மிஷின் தின்றிருந்தது.

மூடிய பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுதத் தொடங்கினேன்:
நம்புசெல்வி, இடதுகை மோதிரவிரல், கொஞ்சம் சாய்த்து.
ரகுமத் பீவி, வலது சுண்டுவிரல், தலையில் தேய்த்த பிறகு.
சவேரியாயி, நடுவிரல், திங்கட்கிழமை மட்டும்.
மற்ற நாள் ஆண்டவர் விட்ட வழி.

முகம் பார்த்த காலத்தில் தெரியாததெல்லாம் தெரிந்தது.
யார் மோதிரம் அடகுக்குப் போனது,
விரலில் அந்த வெள்ளை வட்டம்.
யாருக்கு நகக்கண் சீழ் பிடித்தும்
கையுறைக்குள் ஒளிக்கிறாள் என்பது.

மாசி முடிவதற்குள்
வரிசை பத்தே நிமிடத்தில் நகர்ந்தது.
மேனேஜர் கருவியைத் தட்டிக்கொடுத்தார்.

என் விரலை மட்டும்
அது முதல் தொடுதலிலேயே ஏற்றுக்கொள்ளும்.
தேங்க் யூ.
எனக்குக் கூசும்.
யாரையும் பார்க்காமல் கையை
முந்தானைக்குள் இழுத்துக்கொள்வேன்.

ஆனியில் நண்டு குவிந்தது, ஆள் போதவில்லை.
காலையில் துண்டைப் பிடி, பகலில் நண்டை உடை என்றார்கள்.
நெஞ்சுச் சதையில் ஓட்டுத்துணுக்கு கிடந்தால்
தட்டைத் திருப்பித் தள்ளுவாள் தரம் பார்க்கும் பெண்,
என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
முதல் வாரம் என் தட்டு
போவதும் வருவதுமாகவே இருந்தது.

ஆவணியில் ஒரு நாள்
எல்லோரும் உள்ளே போனபின் என் விரலை வைத்தேன்.
பிளீஸ் ட்ரை அகெய்ன்.
எண்ணெய் தொட்டு வைத்தேன்.
பிளீஸ் ட்ரை அகெய்ன்.
மணி ஆறு இருபத்தாறு.

கையுறை பாதி மாட்டியபடி
வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.
"ஊதாதே, ஈரம் ஆகாது."
"சுண்டுவிரலைப் பாரு."
"தலையில தேயி, தலையில."
நம்புசெல்வி துண்டைப் பிடுங்கி
என் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு விரலாக அழுத்தினாள்.
ஏழாவது விரலில் பச்சை விளக்கு.

பேரேட்டையும் அவளே எடுத்தாள்.
எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் வரும்.
பாம்பன் பக்கம் ரயில் ஊதி ஓயும்வரை
எல்லோரும் பென்சிலையே பார்த்து நின்றோம்.
அறுபத்து நான்காவது பேர்,
அமலி என்பதற்கு
அமளி என்று எழுதியிருந்தாள்.
நான் திருத்தவில்லை.