அங்குலக் கணக்கு

அந்த நாட்டில் மெழுகுவத்திக்கு வரி.
வீட்டிலேயே கொழுப்புருக்கித் திரியிட்டால் குற்றம்.
கண்காணிக்க ஆள் உண்டு:
ஜாபெஸ் ஹாலெட், டோர்செட் கடற்கரைச் சரகம்,
வயது முப்பத்து நான்கு,
கோட்டுப் பையில் ஒரு பித்தளை அளவுகோல்.

குளிர்காலம் முழுக்க
மிஸ் தியோடோசியா லாங்மீட் வாங்கியது
மூன்றே மெழுகுவத்தி.
அவள் ஜன்னலிலோ
நள்ளிரவு தாண்டியும் வெளிச்சம்.
கள்ளச்சரக்கு என்று குறித்துக்கொண்டு
கதவைத் தட்டினான்.

அவள் மறைக்கவில்லை.
"சுடரை மெதுவாக்கத் தெரியும் எனக்கு.
அது ஒன்றுதான்.
பியானோகூடச் சுமார்."

மாயம் அங்கே அப்போது
பெண்களுக்குப் பூவேலை மாதிரி.
தங்கை அகஸ்டா ரிப்பனின் நிறத்தை
ஆடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவாள்;
மூன்றாவது நடனத்தில் ஒரு மேஜர் விழுந்தார்.
மெதுவாக எரியும் சுடரை எந்த விருந்தில் காட்டுவது?
பார்க்க உட்கார்ந்தவர்கள் கொட்டாவி விட்டு
சீட்டாடப் போனார்கள்.

சோதிக்க வேண்டும், சட்டம் அப்படி, என்றான்.
உட்கார்ந்தான்.
மேசைக்கு அந்தப் பக்கம் அவள்.
கணப்பருகே, துணைக்கென்று, திருமதி க்ளூயட்,
குறட்டையோடு.
எரியும் மெழுகுவத்தி தீரும்வரை
விருந்தாளி இருக்கலாம் என்பது அந்த வீட்டு வழக்கம்.
மூன்று மணி நேரத்தில் குறைந்தது
மாகாணி அங்குலம்.

"அடுத்த வியாழனும் அளக்கணும்," என்றான்.

அந்த மெழுகுவத்தியை
வியாழனுக்கென்று தனியே எடுத்து வைத்தாள்.
ஹெர்ரிங் மீன் விலை பேசினார்கள்.
அவன் அப்பா வைத்துப்போன கடன்.
அவள் படிக்காமல் பாதியில் மூடிய புத்தகங்கள்.
தேநீர் ஆறிப்போகும்,
சூடாக்கும் வித்தை அவளுக்கு வராது.
ஆறியதையே குடித்தான்.

கோடையே வராத ஆண்டு ஒன்று வந்தது.
ஜூலையில் மழை, ஆகஸ்டிலும் கணப்பு,
ரொட்டி விலை ஏறி ஊரில் கல்லெறி.
அவன் கையுறையைக் கழற்றி
மேசைமேல் வைத்தான்.
அந்த ஆண்டு நடந்தது அவ்வளவுதான்.

மறு ஆண்டு,
திரி கத்தரிக்கக் கத்தரிக்கோலைத் தேடிய அவள் விரல்
அதன்மேல் பட்டது.
கையின்மேல் அல்ல,
கையுறையின்மேல்.
சுடர் அசைவற்று நின்றது
சித்திரத்தில் எழுதியதுபோல.
இரண்டு பேரும் ஹெர்ரிங்கைப் பற்றியே
பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மாற்றல் உத்தரவு.
"வடக்கே, விட்பிக்கு. திங்கட்கிழமை கிளம்பணும்."
அவள் தலையசைத்தாள்.
"வீடு தருகிறார்கள். இரண்டு அறை."
"நல்லது."
"ரொம்ப இருட்டு என்கிறார்கள்."
அளவுகோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
எண்கள் புதிதாய் ஏதும் சொல்லும்போல.
"தனியாக இருந்தால், ரொம்பவே."

ஏதோ சொட்டியது.
மேசை விரிப்பில் முதல் துளிக் கொழுப்பு,
அடுத்து இரண்டாவது.
ஐந்து ஆண்டு இழுத்துப் பிடித்த சுடர்
படபடவென்று, கடைத்தெருச் சுடர் மாதிரி
எரிந்துகொண்டிருந்தது.
பிடித்து வைக்க மறந்திருந்தாள்.

அன்றைய கணக்கேட்டில்:
மெழுகுவத்தி ஒன்று. வேகம் வழக்கம்போல்.
முறைகேடு இல்லை.
மீதம் கால் அங்குலம் இருக்கையில்
மிஸ் லாங்மீட் அணைத்தார்.

அவன் மொழியில்
அணைப்பது வேறு, அணைப்பது வேறு;
இரண்டுக்கும் தனித்தனிச் சொல்.
எதை எழுதினான் என்று தெரியவில்லை.
அந்த இடத்தில்
மெழுகு சிந்தியிருக்கிறது.