எந்த மார்ச்

அபர்டீன் மருத்துவமனைச் சலவைக்கூடம், இரவுப் பணி.
உருளைக்குள் நானூறு படுக்கை விரிப்புகள் புரள்கின்றன.
செம்ஹார் கடிதத்தைப் பிரித்து
உலர்த்தியின் சிவப்பு விளக்கருகே பிடிக்கிறாள்.

'புட்' தெரியும், வைப்பது.
'ஆஃப்' தெரியும், விளக்கை அணைப்பது.
இரண்டும் சேர்ந்தால்?
என் விசாரணையை எங்கோ வைத்து
அணைத்துவிட்டார்களா?

"இல்லையில்லை," ஹலினாவின் வாயில் பாதி ரொட்டி,
"தள்ளிப் போட்டிருக்கிறார்கள். மார்ச்சுக்கு."
"எந்த மார்ச்?"

அது கடிதத்தில் இல்லை.

ஹலினாவுக்கு இந்தப் பொடிச் சொற்களோடு பழைய பகை.
போன கோடையில், பேசி முடித்த வாடகை வீடு
'ஃபெல் த்ரூ' என்று முகவர் சொன்னபோது
தரை இடிந்து யாரும் விழுந்தார்களா என்று கேட்டாளாம்.
யாரும் விழவில்லை,
பெட்டி கட்டி வைத்திருந்த அவளைத் தவிர.

வினையை நம்பலாம்.
அதன் வால்தான்
நாளையை எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்வதில்லை.

விரிப்பின் இரு முனைகள் ஆளுக்கொன்று.
மடிக்க மடிக்க நெருங்கி வருகிறார்கள்.
"பதிலில் 'லுக் ஃபார்வர்ட் டு' எழுது."
"முன்னால் பார்க்கிறேன் என்றா?
முன்னால் சுவர். சுவரில் தீயணைப்பான்."
"பார்ப்பதில்லை அது. காத்திருப்பதை
சந்தோஷமாகச் சொல்வது."
"சந்தோஷம் இல்லாவிட்டால்?"
"அப்போதும் அதேதான்.
கையெழுத்துக்கு மேல் வரி."

சலவைச் சீட்டின் பின்புறம் எழுதிப் பார்க்கிறாள்.
ஈரத்தில் மை லேசாகப் பரவுகிறது.
மார்ச் என்று போட்டு,
ஆண்டுக்கு
நான்கு இலக்கம் அளவு
இடம் விடுகிறாள்.